நேரத்துக்குப் போன பஸ்

தேசிய கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் விலகப் போகிறார் என்ற செய்தியைத் தலவாக்கலைக் கடைவீதியில், நானாவின் கடையில் நின்றபோதுதான் கேட்டேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நானா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த முஸ்லிம் கடைக்காரர் கொப்பி, பேனா, பாடசாலைப் பை விற்கிறவர். மூலையில் ஓர் அலுமாரியில் மட்டை, பந்து, காலுறை என்று கொஞ்சம் விளையாட்டுச் சாமானும் வைத்திருப்பார். அதற்கு மேலே ஒரு சின்னத் தொலைக்காட்சி. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்களை வென்று கொடுத்த மனிதர், பெரிய போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது போகிறேன் என்கிறார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, செய்தி வாசித்தவர்களும் சரியாகச் சொல்லவில்லை.

கடையில் நின்ற ஆளுக்கு ஆள் ஒரு காரணம் சொன்னார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. கிரிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம்.

"எல்லாக் கோச்சும் இப்படித்தான் நானா. சின்ன மேட்செல்லாம் கூடவே நிப்பாங்க. பெரிய மேட்ச் வந்தா கழண்டுக்குவாங்க. நம்ம ஸ்கூல்ல நடக்கலையா? அந்த யாழ்ப்பாணத்து சேர் என்ன பண்ணுனாரு?"

நானா எனக்காகக் கட்டிக்கொண்டிருந்த கொப்பிக் கட்டை அப்படியே மேசையில் வைத்தார்.

"மாஸ்டர், அவரப் பத்தி அப்படிச் செல்லாதீங்க. கொஞ்சம் உள்ளுக்கு வாங்க" என்றார்.

உள்ளே, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவர் சொன்னது கால் மணி நேரம்கூட இருக்காது. அதைக் கேட்ட பிறகு நான் பழைய மனிதனாக இல்லை. ஆனால் அது விளங்க வேண்டுமானால் ஐந்தாறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை ஒட்டிய பாடசாலையில் நான் தமிழும் சமூகக் கல்வியும் படிப்பித்தேன். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன். அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அங்கே கணிதம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தலவாக்கலை டவுனில், நானாவின் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். எல்லோருக்கும் அவர் யாழ்ப்பாணத்து சேர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களுக்கும் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கும் இடையில் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வாத்தியார் என்னைத் 'தோட்டக்காட்டான்' என்று வகுப்புக்கு முன்னால் சொன்னார். அவர் அந்தப் பக்கத்துக்காரர். அந்தச் சொல் எனக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. இவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை, நினைத்தும் இருக்கமாட்டார். ஆனாலும் அவர் வாயிலிருந்து அது எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். மனிதப் புத்தி அப்படி.

அவருக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்புப் பயல் வீசினாலும் முதல் பந்தில் கம்பு பறக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஆனால் விளையாட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் தேயிலைத் தொழிற்சாலை மதில், மறுபக்கம் தேயிலைச் சரிவு. மத்தியானம் திரும்பினால் சரிவிலிருந்து பனிமூட்டம் ஏறிவிடும். பத்தடிக்கு அப்பால் பந்து தெரியாது. மற்றப் பாடசாலைகள் அந்த நேரத்தில் சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். இவர் போகவிடவில்லை.

எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு பாறை. அதன்மேல் ஏறி நிற்பார். "பந்தைப் பாக்காதேங்கோ. என்ர குரலை மட்டும் கேளுங்கோ" என்று பிள்ளைகளிடம் சொன்னார். இரண்டே சொல். ஓடு. நில். மட்டையில் பந்து பட்ட சத்தத்தையும், களத்தடுப்பில் நிற்கிறவன் புல்லில் ஓடும் சத்தத்தையும் வைத்து அவர் கணித்துவிடுவார். ஓடு என்றால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஓட வேண்டும். நில் என்றால் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. முதல் மாதம் ஒருவன்மேல் ஒருவன் மோதி விழுந்தார்கள். ஆறாம் மாதம் அந்தக் குரலுக்குப் பழகிப்போனார்கள். பிறகு நல்ல வெயில் அடிக்கிற மைதானத்திலும் அவர்கள் பந்தைப் பார்க்கவில்லை. ஓட்டமே இல்லாத இடத்திலெல்லாம் ஓர் ஓட்டம் எடுத்தார்கள். எதிரணிப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் முதலில் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை என்றால் வீட்டில் தண்ணி எடுக்க, விறகு பொறுக்க ஆள் வேண்டும். ஒரு நாள் விடியக்காலை நான் வேறு வேலையாகப் போகும்போது பார்க்கிறேன், இந்த மனிதர் பெரட்டுக் களத்தில் நிற்கிறார். கொழுந்துக் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குமாகப் பெண்கள் அன்றைய வேலைக்கு வரிசையாகப் பெயர் கொடுக்கிற நேரம். குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, உங்கட மகனை எனக்கு ஒரு ரெண்டு மணித்தியாலம் தாங்கோ" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார். அவருடைய தமிழைக் கேட்டு அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் அம்மாவும் அந்த வரிசையில் நின்றாள். "பாவம் அந்தச் சேரு, குளிர்ல நடுங்குறாரு, கம்பளி ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லு" என்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்.

நான் அவருக்கு உதவியாளன். தண்ணீர்ப் போத்தல் தூக்குவது, பிள்ளைகளின் பையைக் காப்பது, நடுவரோடு சண்டை பிடிப்பது என் பாகம். சண்டை எனக்கு நன்றாக வரும். அவர் பின்னால் வந்து என் தோளைத் தொட்டு, "விடுங்கோ சேர்" என்பார்.

மூன்று வருஷம். முதல் வருஷம் கோட்டத்தில் வென்றோம், அடுத்த வருஷம் மாவட்டத்தில். மூன்றாம் வருஷம் கண்டியில் மாகாண இறுதிப் போட்டி. தோட்டத்துப் பிள்ளைகள் கண்டி மைதானத்தில் விளையாடப் போகிறார்கள் என்று லயத்துக்கு லயம் பேச்சு. விடியற்காலையில் வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் மலையிறங்கினோம். கண்டிக்கு நெருங்கியபோது சோதனைச் சாவடி.

அந்த யுத்த நாட்களில் சாவடி புதிதல்ல. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுக்கிற வயது வரவில்லை, அதிபரின் கடிதம் போதுமாக இருந்தது. என் அட்டையைப் புரட்டிப் பார்த்தார்கள், பிறந்த இடம் லிந்துலை என்று இருந்தது. இரண்டு கேள்வி கேட்டார்கள். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன், திருப்பித் தந்தார்கள். அவருடைய அட்டையைப் புரட்டிய சிப்பாய் அதை எடுத்துக்கொண்டு மண்மூட்டைக்குப் பின்னால் போனான். பிறகு அவரையும் கூப்பிட்டார்கள்.

இரண்டரை மணி நேரம். மேட்ச் ஒன்பது மணிக்கு. வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் ரோட்டோரத்தில் குந்தியிருந்தார்கள். வெயில் ஏறியது. அவர் தூரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் நாலைந்து தடவை போய்க் கெஞ்சினேன். "இன்னும் மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை" என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர்கள்மேல் காட்ட முடியாது. பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவரிடம் சொன்னேன்.

"இந்த சேர் இல்லாட்டி புள்ளைங்க நேரத்துக்குப் போயிருக்கும்."

டிரைவர் எங்கள் தோட்டத்து ஆள்.  கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். நானும் திரும்பினேன். அவர் பின் கதவுப் படியில் நின்றார். பையிலிருந்து ஏதோ கடிதம் எடுக்க அனுமதி வாங்கி வந்திருந்தார். எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது வெட்கம்கூட வரவில்லை. மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரணியின் ஆசிரியர் ஒரு சிங்களப் பெரியவர், நல்ல மனிதர். நாங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு வெற்றியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். காத்திருந்தார். ஓவரைக் குறைத்து விளையாடினோம். பிள்ளைகள் அந்தக் கோபத்தையெல்லாம் ஓட்டத்தில் காட்டினார்கள். எல்லைக்கோட்டில் அவர் நின்றார். ஓடு, ஓடு, நில், ஓடு. வென்றோம். பிள்ளைகள் அவரைத் தூக்கப்போய்ப் பாதியில் கீழே போட்டுவிட்டார்கள். அகில இலங்கைப் போட்டி மூன்று வாரத்தில், கொழும்பில்.

திங்கட்கிழமை அவர் அதிபரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். சொந்தக் காரணங்களால் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், உதவி ஆசிரியர் பிள்ளைகளை அழைத்துச் செல்வார் என்று இரண்டு வரி. தேசிய அணியின் பயிற்சியாளர் விலகினால் நாடு பேசும். எங்கள் பயிற்சியாளர் விலகியது எங்கள் பாடசாலை அறிவித்தல் பலகையில்கூட வரவில்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆசிரியர் அறையில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள். கனடாவில் இருக்கிற அண்ணன் கூப்பிட்டுவிட்டாராம். பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கிறாராம். நான் எதையும் விசாரிக்கவில்லை. என் முள் அசைந்தது, அவ்வளவு போதுமாக இருந்தது. அவர் கணிதக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த மேசைக்குப் போய் நின்றேன்.

"கொழும்புப் பெரிய ஸ்கூல்காரங்க முன்னாடி தோட்டத்துப் புள்ளைங்களோட போய் நிக்க வெக்கமா இருக்கா சேர்?"

அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"அப்பிடி நினைச்சால் நினையுங்கோ" என்றார்.

"பின்ன எப்படி நெனைக்கிறது? காரணம் சொல்லுங்க."

"காரணம் ஒண்டும் இல்லை சேர். பெடியளைக் கூட்டிக்கொண்டு போங்கோ." விசிலை எடுத்துத் தந்தார். பிறகு, "ஓடச் சொல்ல அவசரப்படாதேங்கோ" என்றார்.

பெரட்டுக் களத்தில் குளிரில் நடுங்கியவரிடம் நான் அப்படிக் கேட்டேன். கண்ணால் பார்த்தவன் நான், என் அம்மா பார்த்தாள். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

மூன்று வாரமும் அவர் பாறைப் பக்கம் வரவில்லை. நான் ஏறி நின்று கத்தினேன். பிள்ளைகளுக்கு என் குரல் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டே ஓடினார்கள். "என்னடா பாக்குறீங்க, ஓடுங்கடா" என்று திட்டினேன்.

கொழும்புக்கு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனோம். வழியில் நாலு சாவடி. எதிலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. சனிக்கிழமை காலை மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். புல் வெட்டுகிற ஆள்கூட வந்திருக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா, எவ்வளவு லேசா வந்துட்டோம்" என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

கடைசி ஓவரில் தோற்றோம். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். திரும்பி வருகிற வழியில் பிள்ளைகள் அழுதார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் நான் எழுந்து நின்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னேன். என்ன ஆறுதல் தெரியுமா? "நம்மள விட்டுட்டுப் போனவர நெனச்சு அழாதீங்கடா. அவருக்கு நம்ம முக்கியமில்ல. இருந்திருந்தா வந்திருப்பாரு." பதினொரு பிள்ளைகளும் அதை நம்பினார்கள். நான் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்.

அவர் திங்களும் செவ்வாயும் பாடசாலைக்கு வரவில்லை. புதன்கிழமை முதலாம் பாடத்துக்குப் பிறகு வந்தார். மெல்ல நடந்தார். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. "மழையில வழுக்கி விழுந்திட்டன்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அந்த வாரம் மழைதான், யாரும் வேறு மாதிரி நினைக்கவில்லை. இடைவேளையில் நேராக என்னிடம் வந்தார்.

"சேர், கடைசி ஓவரில என்ன நடந்தது?"

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

தலையை ஆட்டினார். அப்படியே திரும்பி வகுப்புக்குப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தவணை முடிவில் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அப்போது சண்டையால் தரைப்பாதை மூடியிருந்தது, திருகோணமலைக்குப் போய்க் கப்பலில்தான் போக வேண்டும். ஆசிரியர் அறையில் அவருக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். நான் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

இனி நானா சொன்னதைச் சொல்கிறேன்.

"நீங்க பஸ்ஸுல போன அதே நாள் காலையில, அவர் ரயில்ல போனார் மாஸ்டர். மொத நாள் கடைக்கி வந்து ஒரு தொப்பி வாங்கினார். நான் கேட்டேன், நீங்கதான் வெலகிட்டீங்களே, பொறகு எங்க போறீங்கன்னு. பஸ்ஸுல போனா புள்ளைங்களயும் சேத்து நிப்பாட்டுவாங்க, நான் தனியப் போனா என்ன மட்டுந்தானே நிப்பாட்டுவாங்கன்னார். வேலிக்கு வெளிய நிண்டு கொரல் குடுத்தாப் போதும், புள்ளைங்களுக்கு வெளங்கும்னார்."

நானா கடைப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கொழும்பு கோட்ட ஸ்டேஷன்ல எறங்கினதும் புடிச்சிட்டாங்க. ரூம் போட்டதுக்குத் துண்டுச் சீட்டும் இல்ல, எதுக்கு வந்தேன்னா கிரிக்கெட் பாக்க வந்தேங்கிறார், யாரு நம்புவாங்க. தெரிஞ்ச ஆள் யாருன்னு கேட்டதுக்கு நம்ம கட நம்பரக் குடுத்திருக்கார். எனக்கு திங்கக்கெழமதான் போன் வந்திச்சு. செவ்வாக்கெழம போயி, கட லைசன்ஸக் காட்டி, கையெழுத்து வச்சி, கூட்டிட்டு வந்தேன். கைய நான் பாத்தேன் மாஸ்டர். வழுக்கி விழுந்த கையில்ல அது. டொக்டர்ட்டப் போகலாம்னேன். வாணாம், மொதல்ல ஸ்கூலுக்குப் போகணும், மெட்ச் என்னாச்சின்னு கேக்கணும்னார்."

 அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் நானா வெலகுனாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். நான் இல்லாட்டி பெடியள் நேரத்துக்குப் போவினம்னார்."

என் வார்த்தை. என்னுடைய வாயிலிருந்து, கண்டி ரோட்டில், டிரைவரிடம் சொன்ன அதே வார்த்தை. அவர் அதைப் பையிலிருந்த கடிதத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டார். தங்களாலதான் அவருக்கு இப்படி ஆச்சின்னு புள்ளைங்க நெனைக்கக் கூடாதாம். இண்டைக்கி நீங்க அப்படிச் சென்னதும் எனக்குப் பொறுக்க ஏலல்ல. அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்று நானா சொன்னார். கொப்பிக் கட்டை எடுக்காமலே நான் வெளியே வந்தேன்.

டிசம்பர் விடுமுறையில் யாழ்ப்பாணம் போனேன். பாதை திறந்திருந்தது. இராணுவம், புலிகள் என்று இரண்டு பக்கச் சாவடியிலும் இறங்கி அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி ஏறினேன். கையில் நானா எழுதித் தந்த விலாசமும் இரண்டு கிலோ தேயிலைத் தூளும். பஸ் முழுக்க மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். தமிழ் வாத்தியார் அல்லவா. ஒன்றும் அமையவில்லை.

கூரையில் ஒரு பக்கம் தகரம் போட்ட வீடு. தங்கையோடு இருந்தார். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "சேர்" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். நன்றாக மெலிந்திருந்தார். கதிரையை எனக்கு இழுத்துப் போடும்போது பார்த்தேன், இடது மணிக்கட்டு திரும்பவில்லை.

தங்கை நான் கொண்டுபோன தூளிலேயே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவர் கோப்பையை மணந்து பார்த்தார். "தொழிற்சாலைப் பக்கம் நிண்ட மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. நான் அழுதுவிட்டேன். "நானா சொல்லிட்டாரு சேர். நான் பஸ்ஸுல சொன்னது உங்க காதுல விழுந்துச்சுன்னு இப்பதான் தெரியும். அந்த வாயாலதான் ஸ்கூல்லயும் உங்கள அப்படிக் கேட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கள் சொன்னது பிழை இல்லை சேர். உண்மைதானே. அண்டைக்கு எத்தினை மணிக்குப் போய்ச் சேர்ந்தனீங்கள்?"

"ஒரு மணி நேரம் முன்னாடியே போயிட்டோம்."

"பாத்தீங்களோ" என்றார். அதில் குத்தல் கொஞ்சமும் இல்லை. கணக்குச் சரியாக வந்த வாத்தியாருடைய திருப்தி மட்டும்தான் இருந்தது. 

கோப்பையைத் திரும்ப எடுத்து, "பெடியளுக்குத் தெரியுமோ, நான் வர வெளிக்கிட்டனான் எண்டு?" என்று கேட்டார்.

"தெரியாது சேர்." நான் அவர்களிடம் சொன்ன ஆறுதலையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது. அடிவாங்கியதைப் பற்றிப் பேசாதவர், அதற்கு மட்டும் கண்ணைத் துடைத்தார்.

"சொல்லிவிடுறேன் சேர். ஒவ்வொருத்தனாத் தேடிப் போயிச் சொல்லிவிடுறேன்."

இன்றுவரை எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவன் கொழும்பில் நகைக்கடையில் நிற்கிறான், ஒருவன் வட்டவளையில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் ஆட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. மூன்று பேரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் சேர் உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. உங்களிடம் வருகிற வழியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

அன்று நான் எழும்பப் போகும்போது அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சரி, இப்ப சொல்லுங்கோ. கடைசி ஓவர்."

சொன்னேன். முதல் பந்து ஓட்டமில்லை. இரண்டாம் பந்தில் ஒன்று. மூன்றாம் பந்தில் ஒன்பதாவது விக்கெட். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பனிமூட்டத்தில் நிற்கும்போது தலையைச் சாய்ப்பது போலச் சாய்த்துக் கேட்டார்.

"மிச்சம் எத்தினை பந்து?"

"மூணு சேர்."

"எத்தினை ஓட்டம்?"

"ரெண்டு எடுத்தா ஜெயிச்சோம்."

"சரி."

"நாலாவது பந்து. கடைசியா எறங்குன பையன் கவர் பக்கம் தட்டிவிட்டான். நல்ல சத்தம் வந்துச்சு. கவர்ல நின்ன பையன் முன்னாடி ஓடி வந்தான். ரெண்டு பேரும் திரும்பி நான் நிக்கிற பக்கம் பாத்தாங்க..."

"நில்" என்றார் அவர்.

மெதுவாகத்தான் சொன்னார். கண்ணைத் திறக்கவில்லை.

"நான் ஓடுன்னு சொல்லிட்டேன் சேர்" என்றேன்.